பிளான் போடுற வேலைக்கு எந்த வழி: ஐடிஐயா, டிப்ளமோவா, பி.ஆர்க்கா, ரெவிட் கோர்ஸா?

தர்மபுரி பக்கம் வீடு கட்டுகிறவர்கள் ‘இன்ஜினியர்கிட்ட பிளான் வாங்கிட்டேன்’ என்பார்கள். அந்தப் பிளானை வரைந்தது பெரும்பாலும் இன்ஜினியர் இல்லை, உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனோ பெண்ணோதான். பிரிட்டனில் இந்த வேலைக்கு ஆர்க்கிடெக்சுரல் டெக்னாலஜிஸ்ட் என்று தனிப் பெயரும் தனிப் படிப்பும் இருக்கிறது. 1965இல் இவர்களுக்கென்று தொடங்கிய சங்கம் 2005இல் ராயல் சார்ட்டரே, அதாவது அரச அங்கீகாரப் பட்டயமே, வாங்கிவிட்டது. நம் ஊரில் அதே ஆள் டிராஃப்ட்ஸ்மேன், கொஞ்சம் பெரிய ஆபீஸ் என்றால் பிம் மாடலர், கம்ப்யூட்டரில் கட்டடத்தையே 3டி மாடலாகக் கட்டுகிறவர். ஆர்க்கிடெக்ட் மனசில் இருப்பதை மேஸ்திரி கட்டுகிற மாதிரி வரைந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

சித்தி பையன் பத்தாவது முடித்துவிட்டு இந்த வேலைக்கு எதைப் படிக்கலாம் என்று கேட்டதால்தான் உட்கார்ந்து யோசித்தேன். நான் ஐடிஐ, அப்புறம் டிப்ளமோ, தர்மபுரியில் நாலு வருஷம், இப்போது ஓசூர். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் நான் சொதப்பிய கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்கு, படிக்கட்டு நடுவில் திரும்புகிற லேண்டிங்குக்குக் கீழே கக்கூஸ் போட்டேன். பிளானில் கச்சிதமாக இருந்தது, கதவு திறக்கும் பக்கம்கூடச் சரி. மாடி உயரம் பத்தரை அடி, ஏழு அங்குல உயரத்தில் 18 படி, ஒன்பதாவது படியில் லேண்டிங். சென்ட்ரிங் அடித்த அன்று மேஸ்திரி போன் பண்ணி வரச்சொன்னார். டேப்பை நிறுத்திக் காட்டினார்: லேண்டிங் 63 அங்குலத்தில் வருகிறது, கான்கிரீட் 5 அங்குலம் போனால் உள்ளே மிச்சம் நாலடி பத்தங்குலம். ‘தம்பி, உள்ள போறவரு தவழ்ந்துகிட்டுப் போகணுமா?’ என்றார். முதல் வரிசையை 12 படியாக்கி லேண்டிங்கை மேலே ஏற்றினோம், உள்ளே ஆறடி ஏழு அங்குலம் கிடைத்தது, பதிலுக்கு அந்த வரிசை நீண்டதில் ஹாலில் இரண்டரை அடி போச்சு. வீட்டுக்காரம்மா அந்த இரண்டரை அடியை இன்னும் மறக்கவில்லை. ஒரு செக்‌ஷன் வெட்டி, அதாவது வீட்டை மேலிருந்து கீழாக நறுக்கின மாதிரி வரைந்து பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். எந்தப் படிப்பு உன்னைச் செக்‌ஷன் வெட்டிப் பார்க்கிற ஆளாக்கும் என்பதை வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் எடை போடுகிறேன்.

ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் இரண்டு வருஷம், பத்தாவது போதும். கை பழகும், கோடு சுத்தமாக வரும், சீக்கிரம் சம்பாதிக்கலாம். ஆனால் கதவு, ஜன்னலுக்கு மேலே போடுகிற லின்டல் ஏன் அங்கே வருகிறது, கம்பி ஏன் கீழ்ப்பக்கம் போகிறது என்று யாராவது கேட்டால் முழிப்போம். நான் முழித்திருக்கிறேன். இதை முடித்தால் டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம் என்பது பெரிய வசதி.

டிப்ளமோ சிவில் மூன்று வருஷம். வரைவதற்கு ஐடிஐ அளவு நேரம் கிடைக்காது. ஆனால் சர்வே, கான்கிரீட், எஸ்டிமேட் எல்லாம் வருகிறது, அந்த எஸ்டிமேட்தான் சோறு போடும். பேங்க் லோனுக்கு எஸ்டிமேட் கேட்டு வருகிற ஆள் அப்படியே வீட்டு வேலையையும் உங்களிடமே கொடுத்துவிடுவார். இதை முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருஷம் போகலாம், கணக்கு படித்திருந்தால் நாட்டா என்கிற நுழைவுத் தேர்வு எழுதி, ஆர்க்கிடெக்ட் படிப்பான பி.ஆர்க் முதல் வருஷத்திலும் சேரலாம். அதாவது எந்தக் கதவும் மூடவில்லை.

பி.ஆர்க் ஐந்து வருஷம். தமிழ்நாட்டு கவுன்சலிங்கில் பிளஸ் டூ மார்க்குக்குப் பாதி, நாட்டாவுக்குப் பாதி. டிசைனில் வெறி இருக்கிறவனுக்கு இதற்கு ஈடு இல்லை, தயங்கவே வேண்டாம். வெறும் டெக்னிக்கல் டிராயிங் போடுவதுதான் ஆசை என்றால் ஐந்து வருஷமும் அந்தச் செலவும் அதிகம் என்பது என் எண்ணம். ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிந்தவர் மட்டும்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். அந்தச் சட்டம் காப்பது பெயரைத்தான், மற்றவர்கள் அந்த வேலையைச் செய்வதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஆகவே வரையலாம், போர்டில் மட்டும் அந்தப் பெயரைப் போட்டு வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் மூன்று மாத ரெவிட் கோர்ஸ். இதைத்தான் பையன்கள் அதிகம் கேட்கிறார்கள். ரெவிட் அருமையான சாஃப்ட்வேர்தான், சுவரை நகர்த்தினால் பிளான், செக்‌ஷன், கதவுப் பட்டியல் எல்லாம் கூடவே மாறும். ஆனால் நாலடி பத்தங்குலக் கக்கூஸையும் அது அதே அழகோடு வரைந்து கொடுக்கும், ஏண்டா இப்படி என்று திட்டாது. சைட் தெரிந்தவன் கற்றுக்கொண்டால் கத்திக்குச் சாணை பிடித்த மாதிரி. எதுவும் தெரியாமல் அதை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர்களை எங்கள் ஆபீசில் பார்த்திருக்கிறேன், டாய்லெட் ஸ்லாபை எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்டால் டீச்சர் சொல்லவில்லை என்பார்கள்.

படிப்பைவிட எங்கே வேலை பழகுகிறோம் என்பது முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. தர்மபுரி ஆபீசில் ஒரு வீட்டை அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து பால் காய்ச்சுவது வரை பார்க்கலாம், சைட் பைக்கில் பத்து நிமிஷம், தப்பு வரைந்தால் அன்று சாயங்காலமே மேஸ்திரி வாயால் கேட்டுவிடலாம். சம்பளம் குறைவு, வாஸ்துக்காக ஒரே பிளானை ஆறு தடவை மாற்ற வேண்டும். சின்ன வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை, அதாவது வீட்டுக்காரரே ஆன்லைனில் சான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கும் முறை, வந்துவிட்டது: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம். இனிமேல் அப்ரூவலுக்கு அலைந்து கொடுப்பதை மட்டும் நம்பி ஆபீஸ் நடத்துவது கஷ்டம் என்று நினைக்கிறேன், சைட்டில் பார்த்துக் கட்டுவதற்கான விவரமான வொர்க்கிங் டிராயிங் போடத் தெரிந்தவன் பிழைப்பான். ஓசூர் வேறு உலகம். சிப்காட் ஷெட்டுகள், எல்லை தாண்டினால் பெங்களூரு ஆபீசுகள், சம்பளம் கூட. ஆனால் ஆறு மாதம் கதவுப் பட்டியல் மட்டுமே போடச் சொல்வார்கள், வெளிநாட்டு வீட்டுக்கு மரச்சட்டச் சுவர் வரைவோம், அப்படி ஒரு சுவரைக் கண்ணால் பார்த்ததே இருக்காது. அத்திப்பள்ளி டிராஃபிக்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அதனால் அவனுக்கு நான் சொன்னது: டிப்ளமோ சிவில், லீவில் மேஸ்திரியோடு சைட், முடித்ததும் இரண்டு வருஷம் தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ, ரெவிட்டை அந்தச் சமயத்தில் கற்றுக்கொண்டு அப்புறம் ஓசூர். அவன் சரி என்றுவிட்டான். சித்திக்குத்தான் மனசில்லை. ‘அஞ்சு வருஷம் படிச்சா பேருக்கு முன்னாடி ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கலாமே, நீதான் கெடுக்கற’ என்று நேற்றும் போனில் அரை மணி நேரம்.