மூளை ரத்தநாளங்களின் விரிதிறனை எம்.ஆர்.ஐ.யில் அளக்கும் முறைகள்: ரெஸ்பிராக்ட் கருவியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கழுத்துத் தமனி பெரிதும் அடைபட்டிருந்தாலும் சிலருக்கு வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை நலமாகவே தெரியும். அடைப்புக்கு அப்பாலுள்ள சிறு நாளங்கள் ஏற்கெனவே விரிந்து ரத்த ஓட்டத்தைக் காத்துவருவதே அதற்குக் காரணம். இன்னும் விரிய அவற்றுக்கு இடமிருக்கிறதா என்பதைத் தூண்டிப் பார்த்தால்தான் அறிய முடியும். அந்தத் தூண்டலின் அளவு தெரியாவிட்டால் எவ்வளவு தெளிவான படமும் பாதி விடைதான் என்பது என் உறுதியான கருத்து.

நாளங்களை விரியச் செய்யும் மருந்தான அசிட்டசோலமைடு ஊசிக்கு நோயாளியின் ஒத்துழைப்பு அதிகம் தேவையில்லை. பெரியவர்களுக்கு வழக்கமாக 1 கிராம் நரம்பு வழியாகச் செலுத்திச் சுமார் 15 நிமிடங்கள் காத்திருந்தால் போதும். ஆனால் அது ஒவ்வொருவரின் நாளங்களையும் எந்த அளவுக்குத் தூண்டியது என்பதைத் தனியே அளக்க வழியில்லை; செலுத்திய மருந்தை உடனே விலக்கிக்கொள்ளவும் முடியாது. மூச்சை அடக்கும்போது ரத்தத்தில் கூடும் கரியமில வாயுவும் நாளங்களை விரிக்கும்; இந்த மூச்சடக்கும் முறைக்குச் செலவே இல்லை. எனினும் 15 நொடி மூச்சடக்கினால் எல்லோருக்கும் கரியமில வாயு ஒரே அளவில் உயர்வதில்லை. முதியவர்களால் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக அடக்கவும் இயலாது.

டொரொண்டோவில் உருவான ரெஸ்பிராக்ட், நோயாளி முகமூடி வழியாக உள்ளிழுக்கும் வாயுக்கலவையைக் கணினியின் துணையோடு மாற்றி, வெளிமூச்சின் இறுதியில் உள்ள கரியமில வாயுவின் அழுத்தத்தை 40 மி.மீ. பாதரசத்திலிருந்து 50க்கு உயர்த்தி அங்கேயே நிறுத்தவும், அதே வேளையில் ஆக்சிஜனை மாறாமல் வைத்திருக்கவும் வல்லது. இதனால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பொறுத்து மாறும் எம்.ஆர்.ஐ. சமிக்ஞையான போல்ட்டின் மாற்றத்தை ஒரு மி.மீ. பாதரசத்துக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்கிடலாம். ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தோடு அதை ஒப்பிடவும் முடியும். மூளைக்குச் செல்லும் தமனிகள் படிப்படியாகக் குறுகும் மோயாமோயா நோயாளிகளுக்கு இந்த ஒப்பீடு மிகவும் உதவும். விரிய இடமில்லாத பகுதியிலிருந்து நலமான பகுதி ரத்தத்தை ஈர்த்துக்கொள்ளும்போது, விரிய இயலாத அந்தப் பகுதியில் சமிக்ஞை உயர்வதற்கு மாறாகக் குறைகிறது. வண்ணப்படத்தில் நீலமாகத் தெரியும் அந்த இடத்தை மருத்துவர் கவனியாமல் விடக்கூடாது.

குறைகளும் உண்டு. முகமூடியின் ஓரத்தில் சிறு கசிவு இருந்தாலும் அளவு தவறிவிடும். மூடிய இடத்தை அஞ்சுவோருக்கு எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் முகமூடியும் சேர்வது பெரும் துன்பம். போல்ட் முறை ரத்த ஓட்டத்தை நேரடியாக அளப்பதில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தமனி ரத்தத்தையே காந்தத்தால் குறியிட்டு அளக்கும் ஏ.எஸ்.எல். முறை ஓட்டத்தை மில்லிலிட்டரில் தருகிறது. ஆனால் அதன் சமிக்ஞை வலுக் குறைந்தது, அடைபட்ட நாளங்களில் ரத்தம் தாமதமாக வந்துசேர்வதால் ஓட்டம் உள்ளதைவிடக் குறைவாகவும் தோன்றக்கூடும்.

கருவி இல்லாத மையங்களுக்கு மூச்சடக்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அடக்கி முடித்ததும் மூச்சை வெளிவிடச் செய்து, மூக்குக்குழாய் வழியாக அதன் இறுதியிலுள்ள கரியமில வாயுவை அளந்து, அந்த எண்ணை அறிக்கையில் படத்தோடு சேர்த்தே எழுத வேண்டும்.