பேட்டரி இல்லாத 3 இன் 1 மண் மீட்டர்: லேப்ல வச்சு பாத்தாச்சு

மண்ணுல குத்துனா ஈரம், பிஹெச் (மண்ணு அமிலமா காரமான்னு சொல்ற அளவு), வெளிச்சம் மூணும் காட்டும்னு ஒரு மீட்டர் ஆன்லைன்ல வருதே, ரெண்டு காலு, மேல ஒரு பச்ச டப்பா, பேட்டரியே வேணாம், அதப் பத்திதான் இந்த ரிவ்யூ. நான் மண்ணியல் படிச்சுட்டு மண் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறவ, நானா இத காசு குடுத்து வாங்கிருக்கவே மாட்டேன். புதுசா வேலைக்கு சேந்த பொண்ணு ஃபீல்டுக்கு எடுத்துட்டு வந்துட்டா, "அக்கா, இது இருந்தா சாம்பிள் தூக்கிட்டு அலையுற வேலை மிச்சம்"னா. சரி வா பாத்துருவோம்னு ஒரு வாரம் வச்சு நோண்டுனோம்.

மொதல்ல ஒரு பீக்கர் நெறைய உப்பு எதுவும் இல்லாத டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி, மீட்டர் ஸ்விட்ச 'ஈரம்'ங்கிற பக்கம் வச்சு உள்ள விட்டோம். முங்குற தண்ணி, ஆனா முள்ளு அசைய மாட்டேங்குது, செடி காயுதுங்குது! ஒரு சிட்டிகை உப்பு போட்டு கலக்குனோம், சர்ருனு கடைசிக்கு போய் நின்னுச்சு. விஷயம் என்னன்னா ரெண்டு காலும் வேற வேற உலோகம், நடுவுல உப்பு கரைஞ்ச ஈரம் இருந்தா லேசா கரன்ட் உண்டாகும், அதுதான் இதுக்கு பேட்டரி, முள்ளு காட்டுறதும் அந்த கரன்டத்தான். அதனால உரம் கொட்டுன மண்ணும் உவர் மண்ணும் கொஞ்சம் ஈரம் இருந்தாலே இதுக்கு ரொம்ப ஈரமாத் தெரியும், வெறும் மணல் நல்லா நனைஞ்சிருந்தாலும் காய்ஞ்சதா தெரியும்.

பிஹெச் இன்னும் மோசம். ஒரே தொட்டில ஒரு எடத்துல 7, ரெண்டு விரல் தள்ளி குத்துனா 6.5. அதே மண்ண லேப்ல 10 கிராமுக்கு 25 மில்லி தண்ணி விட்டு, அப்பப்ப கலக்கி அரை மணி நேரம் வச்சு, பஃபர்ல (பிஹெச் முன்னமே தெரிஞ்ச கரைசல்ல) செட் பண்ண கண்ணாடி எலக்ட்ரோடுல பாத்தா 8.1. ஒண்ணு ஒண்ணரைதானே வித்தியாசம்னு விட முடியாது, பிஹெச்ல 1 மாறுனா அமிலத்தன்மை 10 மடங்கு மாறும். 8க்கு மேல போன மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு சரியா கெடைக்காது, புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். மீட்டர நம்புன ஆளு மண்ணு சரியாத்தான் இருக்கு, தழைச்சத்து கொறைஞ்சுதான் மஞ்சளாகுதுன்னு யூரியாவ போடுவாரு. தழைச்சத்து கொறைஞ்சா மொதல்ல மஞ்சளாகுறது கீழ இருக்க பழைய இலைங்க, அத பாத்தாலே போதும், மீட்டரே வேணாம்.

வெளிச்சம்? கண்ணு எதுக்கு இருக்கு.

நல்லதும் இருக்கு, இல்லேங்கல. ஒரே தொட்டி, ஒரே மண்ணுன்னு வச்சுக்கிட்டு தெனமும் பாத்தா தண்ணி ஊத்தலாமா வேணாமான்னு தெரியுது, விரலு எட்டாத ஆழத்துக்கும் போகுது. ஆனா குத்துனா எடுத்து தொடச்சு வைக்கணும், நாங்க ஒரு ராத்திரி மறந்து விட்டதுக்கே காலு கருத்துப்போச்சு.

மண்ணு வேலைக்கு வர்ற புள்ளைங்க இதுக்கு செலவழிக்காம 10 மடங்கு காட்டுற கை லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. அப்புறம் நனைஞ்ச மண்ண கட்டைவிரலால தள்ளி நாடா மாதிரி இழுத்துப் பழகுங்க, மணலு உடனே உதிரும், நல்ல களிமண்ணு 5 சென்டிமீட்டருக்கு மேல அறாம வரும். கை பழக ஒரு சீசனாவது ஆகும், எனக்கு ரெண்டாச்சு.

5க்கு 2 ஸ்டார். அந்தப் பொண்ணு இப்ப ஆகரும் (மண்ண தொளைச்சு எடுக்குற கருவி) லேபிள் ஒட்டுன சாம்பிள் கவருமாத்தான் ஃபீல்டுக்கு வர்றா, மீட்டரு லேப் ஜன்னல்ல இருக்க மணி பிளான்டுக்கு போயிருச்சு.