11 வருடம் ஸ்லைடு போட்டு நடத்தியதில் நான் கண்டது

மொரீஷியஸில் தமிழாசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இலக்கணமும் கற்பித்தல் முறையும் நடத்துகிறேன். 2014-ல்தான் முதன்முதலாக வகுப்புக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பவர்பாயிண்ட், பிரெசி, கான்வா, டாக்குமெண்ட் கேமரா என்று எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. எதில் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறியது, எதில் ஏறவில்லை என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

எங்கள் மாணவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் படிப்பார்கள், வேகம் மட்டும் குறைவு. இதை நினைத்துப் பார்க்காமல் முதல் மூன்று வருடம் நன்னூல் சூத்திரத்தையும் உரையையும் முழுசாகத் திரையில் போட்டு, அதையே வாய்விட்டு வாசித்தேன். நான் ஐந்தாவது வரியில் இருப்பேன், அவர்கள் கண் இரண்டாவது வரியில் இருக்கும். என் குரலும் காதில் விழாது, எழுத்தும் மனதில் நிற்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு 60 ஸ்லைடு. கடைசியில் எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் கேட்டால் படம் போனில் இருக்கும், பாடம் இருக்காது.

பிறகுதான் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளைப் படித்தேன். படத்தைக் காட்டி விளக்கும்போது, பேசுகிற வார்த்தைகளையே திரையிலும் முழுசாக ஓடவிட்டால் கற்பது குறைகிறது என்பது அவர் கண்டது. 2008-ல் அவரே இதைக் கொஞ்சம் திருத்தினார்: படத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று முக்கியச் சொற்கள் இருந்தால் அது உதவுகிறது. எங்கள் வகுப்புக்கு அப்படியே பொருந்தியது. இப்போது ஒரு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுதான். ஒவ்வொன்றிலும் நாலைந்து சொல்லுக்கு மேல் கிடையாது.

ஸ்லைடு உண்மையிலேயே கைகொடுத்த இடம் புணர்ச்சி, அதாவது இரண்டு சொல் சேரும்போது எழுத்து மாறுவது. 'பொன்', 'குடம்' இரண்டும் தனித்தனியாக நிற்கும். ஒரு சொடுக்கில் நெருங்கி வரும். அங்கே நிறுத்தி, "என்ன ஆகும்?" என்று கேட்பேன். யாராவது சொன்ன பிறகுதான் அடுத்த சொடுக்கு: ன் மறைந்து ற் வரும், பொற்குடம். விதியைப் பத்து முறை சொல்லியும் பிடிபடாதவர்களுக்கு அந்த ஒரு அசைவில் பிடிபட்டதைப் பார்த்திருக்கிறேன். விடையை முன்னாலேயே காட்டிவிட்டால் இந்தப் பலன் இல்லை.

மலை குறிஞ்சி, கடற்கரை நெய்தல் என்று திணை நடத்தவும் படம் வேண்டும். 2018-ல் மூணாறில் நீலக்குறிஞ்சி பூத்த படங்களைப் போட்டு அரை நிமிடம் பேசாமல் நின்றேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று சொன்னதும், தன் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது ஒரு பெண். நெய்தலுக்கு ஸ்லைடே வேண்டாம், மாயேபூர் கடற்கரையைப் பற்றிக் கேட்டாலே அவர்கள்தான் பேசுவார்கள்.

ஒரே பெரிய திரைக்குள் இங்கும் அங்கும் நகர்ந்து காட்டும் பிரெசியை ஒரு பருவத்தோடு விட்டேன். திரை சுழன்று சுழன்று போவதைத்தான் பார்த்தார்கள்.

எழுத்துருதான் பெரிய தலைவலி. பழைய பாடக்குறிப்புகள் பாமினியில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். ஒரு தேர்வுக்கு முந்தைய நாள் அப்படி ஆகி, வகுப்பே வீணாகிவிட்டது. எல்லாவற்றையும் யூனிகோடில் திரும்பத் தட்டினேன், இரண்டு மாதம் பிடித்தது. செய்யாதவர்கள் இன்றே தொடங்குங்கள்.

இன்னொன்றை ஒரு மாணவியின் நோட்டுதான் எனக்குக் காட்டியது. கடைசி வரிசையில் உட்காருகிறவள், ண வரவேண்டிய இடத்திலெல்லாம் ன எழுதியிருந்தாள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். தடித்த எழுத்துரு, 24 அளவு, பகல் வெளிச்சம் விழும் திரை. மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே கருப்புத் திட்டாகத் தெரிந்தன. அவள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள். அன்றிலிருந்து மெல்லிய எழுத்துரு, 40-க்குக் குறையாத அளவு. வகுப்பு தொடங்குமுன் ஒருமுறை கடைசி வரிசையில் போய் நின்று பார்த்துவிடுவேன்.

ஆனால் எழுத்து எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்பதை எந்த எழுத்துருவும் சொல்லாது. அதற்குத்தான் டாக்குமெண்ட் கேமரா. கீழே தாளை வைத்துப் பேனாவால் எழுதுவேன், கை போகும் வழி திரையில் பெரிதாகத் தெரியும். நான் எழுதும் வேகம்தான் அவர்கள் எழுதும் வேகமும், அதனால் யாரும் போனை எடுப்பதில்லை. ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதையே வாங்கச் சொல்வேன்.

போன பருவம் அந்த மாணவியின் பயிற்சி வகுப்பைப் பார்க்க ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போனேன். அங்கே புரொஜெக்டர் கிடையாது. கரும்பலகை முழுக்க ஒரே ஒரு ண எழுதினாள், மெதுவாக. ஒவ்வொரு சுழி முடியும்போதும் சாக்பீஸை நிறுத்தினாள். பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று.