வீடு போகும் முன்பா, போன பிறகா?

இங்கிலாந்தில் வாடகை வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவருக்குக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) இரண்டு கட்டங்களில் உதவுகிறது.

முதலாவது, முன்கூட்டியே தடுப்பது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீடு போகும் என்றாலே உதவி தொடங்க வேண்டும். முன்பு 28 நாள்தான். அதிகாரி வீட்டுக்காரரிடம் பேசுவார். சில இடங்களில் வாடகை பாக்கிக்கும் பண உதவி உண்டு. பேச்சு பலித்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறாது, அடுப்பும் பாத்திரமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்தது, வீடு போன பிறகு. குடும்பத்துக்குத் தற்காலிக அறை. பிள்ளைகளோடு இருப்போரை ‘பி அண்ட் பி’ எனும் தங்கும் விடுதியில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஆனால் அதையும் தாண்டித் தவிப்பவர்கள் ஏராளம். தெருவில் படுப்பவருக்குக் கடுங்குளிர் இரவுகளில் அவசரப் படுக்கை. அது உயிரைக் காக்கும், அவசியம் வேண்டும். குளிர் விட்டதும் அப்புறம் எங்கே போவார்?

என் ஓட்டு முதல் வழிக்கே. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே கவுன்சிலில் சொல்லிவிடுங்கள்.