ஸ்லைஸுக்கு அலைன்மென்ட் ஸ்டிக்: வாங்கலாம், ஆனா ஒரு விஷயம்

கோல்ஃப்ல வலது கை ஆட்டக்காரங்களுக்கு பந்து நேரா கிளம்பி வலது பக்கமா வளைஞ்சு ஓடுமே, அந்த ஸ்லைஸுக்காகத்தான் இந்த ஸ்டிக்குகள, அதாவது திசை பாக்க தரைல வைக்கிற மெல்லிசான நீளக் குச்சிகள, வாங்கினேன். ஒரு ஸ்டிக்க கால் முன்னாடி டார்கெட் பாத்து போட்டா, நாம எவ்ளோ இடது பக்கம் திரும்பி நிக்கிறோம்னு பளிச்னு தெரியுது, இன்னொண்ண பந்துக்குப் பின்னாடி கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சு குத்தி வச்சா கிளப் (கோல்ஃப் மட்டை) வெளியிலருந்து உள்ள வெட்டி வரும்போது டொக்குனு தட்டும், அந்த சத்தத்துக்கு பயந்தே ஸ்விங் மாறுது. ஆனா இது கிளப் வர்ற பாதைய மட்டும்தான் திருத்தும், ஃபேஸ் (பந்துல படுற கிளப் முகப்பு) திறந்தே, அதாவது வலது பக்கம் பாத்தே இருந்தா பந்து வலது பக்கம் போறது போறதுதான். அதுக்கு கிரிப்ப, அதாவது கிளப்ப பிடிக்கிற விதத்த பாருங்க, மேலருந்து குனிஞ்சு பாத்தா இடது கை விரல் முட்டி ரெண்டு மூணாவது தெரியணும். ஸ்டிக் முனைல இருக்குற ரப்பர் மூடி சுத்த வேஸ்ட், கழண்டு கழண்டு விழுது. பாதி வேகத்துல அடிங்க, இல்லனா ஸ்டிக்ல தட்டி கிளப்போட ஷாஃப்ட்ல (தண்டுல) கீறல் நிச்சயம்.