ஒயினை வெளிக் கிடங்கில் வைக்க வாடகை கொடுக்கலாமா?

ஒயின் சேர்க்கிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். வீட்டு ஒயின் ஃப்ரிட்ஜ் நிரம்பி வழிகிறது, கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டி, மாடிப்படிக்குக் கீழே ஒன்று, முன்பணம் கட்டியது வேறு இன்னும் வந்து சேரவில்லை. அப்போதுதான் ஒயினுக்கென்றே இருக்கும் வாடகைக் கிடங்கின் நினைப்பு வரும். நான் சில வருடங்களாக அப்படி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம், நான் எழுத வந்தது அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி இல்லை, இந்தச் சேவையைப் பற்றி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிய பாட்டில்களோ, என்றைக்காவது விற்கப் போகிற பாட்டில்களோ உங்களிடம் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் ஒரு நல்ல ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி ஓரிரண்டு வருடத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. அதைக் கொண்டுபோய்க் கிடங்கில் வைத்தால் வயசுதான் ஆகும், ருசி கூடாது. ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின், சாதாரண வெள்ளை, வார நாளில் திறக்கிற சிவப்பு எல்லாம் வெயில் படாத, அடுப்பிலிருந்து தள்ளியிருக்கிற ஓர் அலமாரியில் கிடந்தால் போதும். பிரான்சின் போர்தோவில் 2005, 2010, 2016 மாதிரி நல்ல வருடங்களின் ஒயின்கள், இத்தாலியின் பரோலோ, பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் மேல்தட்டு ஒயின்கள், நல்ல ஜெர்மன் ரீஸ்லிங் (ஒரு வெள்ளை ஒயின்), போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட் இவைதான் பத்து, இருபது வருடம் பொறுமையாகக் காத்திருந்தால் பலன் தருபவை. இந்த ரகம் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

கிடங்கு என்ன செய்கிறது? 12, 13 டிகிரி செல்சியஸ் வெப்பம், 60 முதல் 70 சதவீதம் வரை ஈரப்பதம், இருட்டு, அசைவில்லாத தரை. அவ்வளவுதான். வெப்பம் ஏறினால் உள்ளே நடக்கிற ரசாயன மாற்றம் வேகமெடுத்து ஒயின் சீக்கிரம் கிழடு தட்டிப்போகும், அதோடு திரவம் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், பிறகு குளிர்ந்து சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். அதனால் பகலும் இரவும் வெப்பம் ஏறி இறங்குகிற அறை, சற்றே சூடாக இருந்தாலும் மாறாமல் இருக்கிற அறையைவிட மோசம். காற்று ரொம்பவும் வறண்டு போனால் கார்க் சுருங்கிவிடும். இங்கிலாந்தில் கார்ஷம் என்ற ஊரில், கல் வெட்டி எடுத்த பழைய சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒயின் கிடங்கு நடத்துகிறார்கள். அந்த ஆழத்தில் வெளியே கோடையா குளிர்காலமா என்பதே உறைக்காது.

ஆனால் குளிர் மட்டும்தான் வேண்டுமென்றால் நல்ல ஒயின் ஃப்ரிட்ஜும் அதைக் கொடுக்கும், கம்ப்ரஸர் ஓடுகிற வரைக்கும். நீங்கள் ஊரில் இல்லாத சமயம் அது நின்றுபோனால் எச்சரிக்க ஆள் கிடையாது. ஓர் எச்சரிக்கை மணியோ, கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிற வெப்பமானியோ வைத்துவிட்டால் அந்தக் கவலையும் பாதி குறையும். நூறு, நூற்றைம்பது பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்.

பணக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கிடங்கு வாடகை பெரும்பாலும் பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், பெட்டி என்றால் 12 பாட்டில், 9 லிட்டர். விலை உயர்ந்த பாட்டிலுக்கும் சாதாரண பாட்டிலுக்கும் அதே வாடகை. ஆகவே சாதாரண விலை ஒயினைப் பதினைந்து வருடம் வைத்தால் கட்டிய வாடகை, வாங்கிய விலையையே தொட்டுவிடலாம். அதோடு உள்ளே எடுக்கக் கட்டணம், வெளியே எடுக்கக் கட்டணம், பெட்டியைப் பிரித்து ஒற்றைப் பாட்டில் கேட்டால் தனிக் கட்டணம், குறைந்தபட்ச வாடகை என்று வரிசையாக வரும். மாத வாடகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், வருடத்துக்கு எத்தனை தடவை எடுப்பீர்கள் என்று யோசித்து அதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

சரி, அப்படியானால் நான் ஏன் கொடுக்கிறேன்? பதிவேட்டுக்காக. பழைய ஒயினை விற்கப் போனால் வாங்குகிறவர் கேட்கிற முதல் கேள்வி, இது இத்தனை வருடம் எங்கே இருந்தது என்பதுதான். போலி பாட்டில்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதை ரூடி கூர்னியவான் வழக்கு காட்டிவிட்டது. தன் வீட்டிலேயே கலந்து லேபிள் ஒட்டிய ஒயினை அவர் அமெரிக்காவின் பெரிய சேகரிப்பாளர்களிடமே விற்றார், 2013-ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அதற்கப்புறம் வரலாறு இல்லாத பாட்டிலை யாரும் நல்ல விலைக்குத் தொடுவதில்லை. வாங்கிய நாளிலிருந்து ஒரே கிடங்கில் ஒரே கணக்கில் இருந்தது என்று காட்ட முடிந்தால் ஏலத்தில் அதற்கென்றே மதிப்பு உண்டு. பிரிட்டனில் இன்னொரு சலுகையும் இருக்கிறது: சுங்கப் பொறுப்பில் உள்ள கிடங்கிலேயே ஒயின் இருக்கிற வரைக்கும் கலால் வரியும் மதிப்புக் கூட்டு வரியும் கட்ட வேண்டாம், வெளியே எடுக்கும்போது கட்டினால் போதும். அங்கே இருந்தபடியே கைமாற்றி விற்கவும் செய்யலாம்.

நல்ல கிடங்கா என்று தெரிந்துகொள்ள, பெட்டி உள்ளே வருகிற நாளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நான் வைத்திருக்கிற இடத்தில் ஒவ்வொரு பாட்டிலையும் விளக்குக்கு முன் நிறுத்தி, கழுத்தில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று படம் எடுக்கிறார்கள். கார்க்குக்கு மேலே கழுத்தைச் சுற்றி மூடியிருக்கிற உறையை விரலால் மெல்லத் திருப்பிப் பார்க்கிறார்கள். உறையும் பாட்டிலும் சில ஒயின்களில் இயல்பாகவே இறுக்கமாக இருக்கும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை, ஆனாலும் முன்பு கசிந்த ஒயின் உறைக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருந்தால் அது அசையாது. அப்படி ஒட்டியிருந்த ஒரு பாட்டிலில் உறையின் விளிம்பில் கருஞ்சிவப்புக் கறை மெல்லிய கோடாகத் தெரிந்தது, அதைத் தனியாகக் குறித்து எனக்குப் படம் அனுப்பினார்கள். விற்ற கடைக்கு அந்தப் படத்தை அனுப்பியதும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியைப் பிரிக்காமலே ரசீது போட்டு அலமாரியில் ஏற்றுகிற இடமாக இருந்தால், பத்து வருடம் கழித்து ஒயின் கசிந்திருப்பது தெரியவரும்போது அது எப்போது கசிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி ஆபத்து. கலிஃபோர்னியாவில் வலேஹோ என்ற இடத்தில் 2005 அக்டோபரில் ஒரு ஒயின் கிடங்கு எரிந்தது. பழைய கடற்படைக் கட்டடம், தடித்த கான்கிரீட் சுவர். சுமார் 45 லட்சம் பாட்டில்கள் நாசமாயின. தீ வைத்தவர் வெளியாள் இல்லை, அங்கே இடம் எடுத்து மற்றவர்களின் ஒயினைப் பாதுகாத்துத் தருகிற தொழில் செய்தவர். வாடிக்கையாளர்களின் பாட்டில்களைத் திருட்டுத்தனமாக விற்று மாட்டிக்கொண்ட நிலையில் அதை மறைக்கப் பார்த்தார். 2012-ல் 27 வருடச் சிறைத் தண்டனை. அதே 2012-ல் சாண்டி புயலில் நியூயார்க்கின் செல்சி பகுதியில் ஓர் ஒயின் கிடங்கு வெள்ளத்தில் மூழ்கியது, வைத்தவர்கள் தங்கள் பாட்டில் பிழைத்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தார்கள், அடுத்த வருடம் நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. கிடங்கைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்பமானியைவிட ஒப்பந்தத்தைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும் என்பதற்காக. பாட்டில்கள் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில், தனி எண்ணோடு பதிவாகியிருக்கின்றனவா? ஒயின் விற்கிற கடையே கிடங்கும் நடத்தினால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம், ஏனென்றால் கடை நொடித்துப்போனால் அவர்கள் சரக்கும் உங்கள் சரக்கும் ஒரே குவியலாகக் கிடக்கக் கூடாது. காப்பீடு, வாங்கிய விலைக்கா, இன்றைய சந்தை விலைக்கா? பத்து வருடத்தில் விலை மூன்று மடங்கு ஆன பாட்டிலுக்குப் பழைய ரசீதைக் காட்டி நஷ்டஈடு வாங்கி என்ன செய்வது? வெள்ளமும் ஊழியர் திருட்டும் அதில் அடங்குமா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் கொடுக்கத் தயங்குகிற இடத்தில் ஒரு பாட்டில்கூட வைக்காதீர்கள்.

குறை ஒன்று உண்டு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒயின் கண்ணில் படாது. நண்பர்கள் திடீரென்று வந்து உட்கார்ந்த மாலையில், அந்த நல்ல பாட்டிலைத் திறக்கலாமே என்று தோன்றுகிற நேரத்தில் அது கிடங்கில் இருக்கும். எடுத்து அனுப்பச் சொன்னால் சில நாள் ஆகும், கடும் கோடையில் சாதாரண வண்டியில் அனுப்பவும் கூடாது, வருடக்கணக்கில் குளிரில் காத்தது ஒரே மதியத்தில் கெட்டுப்போகும். பழைய சிவப்பு என்றால் வந்த பிறகும் வண்டல் அடங்க நிமிர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். இப்படியே தள்ளித் தள்ளிப் போட்டு, குடிக்க வேண்டிய காலம் தாண்டிப்போன பாட்டில்களைச் சேகரிப்பாளர்களிடம் நிறையப் பார்க்கிறேன். நான் செய்வது இது: வருடத்துக்கு இரண்டு முறை, வெயில் தணிந்த மாதங்களில், அடுத்த அரை வருடத்துக்குள் திறக்க வேண்டியதைப் பட்டியல் போட்டு மொத்தமாக வரவழைத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன். எடுக்கிற கட்டணமும் மிச்சம்.

அப்புறம், யாரும் பேச விரும்பாத ஒன்று. இருபது வருடம் வைக்கப் போகிற பொருளுக்கு, நாம் இல்லாமல் போனால் யார் பொறுப்பு? வீட்டில் இருக்கிற பாட்டில் வீட்டாருக்குத் தெரியும், கிடங்கில் இருப்பது ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. வாடகை நின்றுபோனால் சரக்கைப் பிடித்து வைக்கவும் விற்கவும் உரிமை தருகிற ஒப்பந்தங்கள் உண்டு. என் கணக்கில் இரண்டாவது பெயராகத் தங்கையைச் சேர்த்திருக்கிறேன், பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்றும் அவளிடம் இருக்கிறது. சில கிடங்குகளில் இதற்குத் தனிப் படிவமே இருக்கிறது, இல்லாத இடத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.