தையலா, பார்லரா?

மும்பை தாராவியில் பத்தாவது முடித்த பெண் இருக்கும் வீடுகளில் எப்படியும் வரும் கேள்வி இது.

படிப்பு: ஐடிஐயில் இரண்டுமே ஒரு வருடம். தனியார் வகுப்பு என்றால் பார்லர் கோர்ஸுக்குத்தான் பணம் அதிகம்.

முதலீடு: தையலுக்கு ஒரு மெஷின் போதும். 2023-இல் வந்த பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் உண்டு. 18 வயதாகி, தொழிலில் இருப்பவர்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை, பிணையில்லாத முதல் கடன் 1 லட்சம் வரை. பியூட்டீஷியன் அந்தப் பட்டியலில் இல்லை. முடிதிருத்துபவர் இருக்கிறார், என்ன கணக்கோ!

வருமானம்: தையலில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று போனால் துணி கொடுப்பவர் சொல்வதுதான் கூலி. காசு பிளவுஸ் கட்டிங்கில் இருக்கிறது. கைக்குழியில், அதாவது கை வந்து சேரும் வளைவில், சுருக்கம் விழாமல் வெட்டத் தெரிந்தவளுக்குத் தீபாவளி நெருங்கினால் தூங்க நேரமிருக்காது. பார்லரில் முதலில் த்ரெடிங்தான். மணப்பெண் அலங்காரம் கைவந்தபிறகே நல்ல காசு.

இடம்: சின்ன அறையில் மெஷின் போட்டால் பாய் விரிக்க முடியாது. பார்லர் பெட்டியோ பரணில் ஏறிவிடும்.

வெளியே அனுப்பத் தயங்கும் வீடு, கைக்குழந்தை இருப்பவர் என்றால் தையல், அதுவும் கட்டிங்கோடு. நாலு பேரிடம் பேசப் பிடிக்கும், இந்தியும் மராத்தியும் வரும் என்றால் பார்லர்.